இடிபடும் கூட்டமும் அளந்து வைத்த தூரமும்

வெளிநாட்டில் சில வருடம் இருந்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் முதல் வாரத்திலேயே சொல்கிற குறை ஒன்று உண்டு: நம்மவர்களுக்குப் பிரைவசி என்றால் என்னவென்றே தெரியவில்லை. ரேஷன் கடை வரிசையில் பின்னால் நிற்பவரின் மூச்சு கழுத்தில் படுகிறது. டவுன் பஸ்ஸில் முன்பின் தெரியாதவர் தோளில் சாய்ந்து தூங்குகிறார். பக்கத்து வீட்டு அக்கா சம்பளம் எவ்வளவு என்று கேட்கிறார். கல்யாணமாகி ஆறு மாதம் ஆவதற்குள் விசேஷம் ஏதாவது உண்டா என்று தெருவே விசாரிக்கிறது. குறை உண்மைதான். ஆனால் அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவை, அதாவது தமிழ்ச் சமூகத்துக்கு இடைவெளி என்ற நினைப்பே கிடையாது என்பதை, என்னால் ஏற்க முடியவில்லை. மனிதருக்கு மனிதர் எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதை மிகக் கறாராக அளந்து வைத்த சமூகங்களில் ஒன்று நம்முடையது. அந்த அளவுகோல் தனி ஆளின் கையில் என்றைக்கும் இருந்ததில்லை. சாதியின் கையிலும் குடும்பத்தின் கையிலும் இருந்தது. இன்றும் பெருமளவு அங்கேதான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் யாரை யார் கட்டுவது, எந்த முகம் அழகு என்ற கேள்விகளுக்கும் அதே கையிலிருந்துதான் பதில் வருகிறது என்பது விளங்கும். இந்தப் பதிவில் நான் சொல்ல வருவது அதைத்தான்.

உடம்புக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள தூரத்தை முதன்முதலில் ஒரு துறையாகவே எடுத்துப் படித்தவர் எட்வர்ட் ஹால் என்ற அமெரிக்க மானிடவியலாளர். 1966ல் வந்த அவருடைய புத்தகம் நான்கு வளையங்களை வகுத்தது. நெருக்கமானவர்களுக்குச் சுமார் 45 சென்டிமீட்டர், நண்பர்களுக்கு 1.2 மீட்டர் வரை, பொதுப் பழக்கத்துக்கு 3.6 மீட்டர் வரை, அதற்கு அப்பால் மேடைப் பேச்சுக்கான தூரம். மேலாண்மை வகுப்புகளில் இன்றைக்கும் இதை மனித குலத்தின் பொது விதி போலச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஹால் அப்படிச் சொல்லவில்லை. தான் கவனித்தது அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதி நடுத்தர வர்க்கத்தாரை என்றும், மற்ற பண்பாடுகளில் அளவுகள் வேறாக இருக்கும் என்றும் அவரே எழுதியிருக்கிறார். ஆகவே நம் அளவு எது என்று நாம்தான் தேட வேண்டும்.

தேடுவதற்கு ஐயங்கார்குளம் நல்ல இடம். காஞ்சிபுரத்தை அடுத்த இந்தச் சிறிய ஊரில் சஞ்சீவிராயர் கோயிலும், அதை ஒட்டிய பெரிய குளமும், நடவாவிக் கிணறும் இருக்கின்றன. விஜயநகரக் காலத்தில் லட்சுமி குமார தாத்தாச்சாரியார் செய்த திருப்பணிகள் என்று சொல்வார்கள். நடவாவி என்பது படியிறங்கி உள்ளே போகும் கிணறு; தரைக்குக் கீழே ஒரு மண்டபம், அதற்குள் கிணறு. ஒவ்வொரு சித்ரா பௌர்ணமிக்கும் காஞ்சி வரதராஜப் பெருமாள் இங்கே எழுந்தருளுகிறார். அதற்காகத் தண்ணீரை இறைத்துவிடுகிறார்கள். அன்றைக்கு அந்தக் குறுகிய படிகளில் ஆயிரக்கணக்கானோர் இறங்குகிறார்கள். யாருடைய வியர்வை யார் மேல் ஒட்டுகிறது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. ஹாலின் 45 சென்டிமீட்டர் அங்கே ஒரு விரற்கடையாகிவிடுகிறது. திருவிழாக் கூட்டத்தை மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர், இந்த மக்கள் உடல் நெருக்கத்தை ஒரு பொருட்டாகவே நினைப்பதில்லை என்று எழுதிவிடக்கூடும்.

ஆனால் தமிழ்நாட்டில் கோயில் வாசலுக்குள் யார் வரலாம் என்பதே ஒரு காலத்தில் தூரக் கணக்காக இருந்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயர் ஒடுக்கப்பட்டவர்களை அழைத்துக்கொண்டு நுழைந்தது செய்தியானதே அதனால்தான். மாகாணம் முழுமைக்குமான ஆலயப் பிரவேசச் சட்டம் 1947ல்தான் வந்தது. அதற்கு முன்பு 1924ல், கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்காகவே திருவிதாங்கூரின் வைக்கத்தில் போராட வேண்டியிருந்தது. பெரியார் அதில் சிறை போனார். எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று சாதிவாரியாக அளவு வைத்திருந்த நிலம் அது. இந்தப் பக்கம் அடிக்கணக்கு அவ்வளவு வெளிப்படையாகச் சொல்லப்படாவிட்டாலும் ஊர் ஒரு பக்கமும் சேரி ஒரு பக்கமுமாக மண்ணிலேயே கோடு கிழித்து வைத்திருந்தோம். டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்தோம். மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989ல் எழுந்த சாதிச் சுவரின் ஒரு பகுதியை 2008 மே மாதத்தில் அரசு இடிக்க வேண்டியிருந்தது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று விடியற்காலை மழையில் ஓர் உயரமான சுற்றுச்சுவர் இடிந்து குடிசைகள் மேல் விழுந்து பதினேழு பேர் செத்தார்கள். அது தீண்டாமைச் சுவர் என்று அங்குள்ளவர்கள் சொன்னார்கள். இத்தனையும் செய்த சமூகத்துக்கு இடைவெளி தெரியாது என்று எப்படிச் சொல்வது? பஸ்ஸில் தோளில் சாய்கிறவர் எல்லை தெரியாதவர் இல்லை. அவருக்குத் தெரிந்த எல்லை வேறு இடத்தில் போடப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான்.

தனி ஆள் இந்தக் கணக்கில் எங்கே இருந்தார் என்று கேட்டால், நமக்குப் பெருமை தரும் ஒரு கல்வெட்டே பதில் சொல்கிறது. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தகன் காலத்தில் 919லும் 921லும் வெட்டியவை குடவோலைத் தேர்தல் கல்வெட்டுகள். வாரிய உறுப்பினராகத் தகுதி வேண்டுமென்றால் கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35லிருந்து 70க்குள் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். இவை பள்ளிப் பாடத்திலேயே வந்துவிட்டன. அதிகம் பேசப்படாத பகுதி தகுதியிழப்பு. முன்பு வாரியத்தில் இருந்து, கணக்குக் காட்டாமல் போனவர் மட்டும் விலக்கப்படவில்லை. அவருடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன்மார், உடன்பிறந்தார், மாமனார், மைத்துனன், மருமகன், தகப்பன், மகன் என்று உறவு வட்டம் முழுதும் விலக்கப்பட்டது. ஊழலைத் தடுக்க நல்ல விதி என்று ஒருவர் வாதிடலாம், நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த விதி ஓர் ஆளை எப்படிப் பார்க்கிறது என்று பாருங்கள். அவர் தனியாக ஓர் அலகு இல்லை. மாமனாரும் மைத்துனனும் சேர்ந்துதான் அவர். ஒரு மனிதரின் தோல் எங்கே முடிகிறது என்ற கேள்விக்கு ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன்பு காஞ்சி வட்டாரம் கொடுத்த பதில் அது. அப்படி நினைக்கிற ஊரில் பக்கத்து வீட்டு அக்கா உங்கள் சம்பளத்தைக் கேட்பதில் வியப்பென்ன?

இப்படி ஆள் என்பது உறவாகவே இருக்கும்போது, கல்யாணம் இரண்டு பேரின் விஷயமாக இருக்க வழியே இல்லை. முறைப்பெண், முறைமாமன் என்று உறவுக்குள்ளேயே வரன் வைத்திருக்கிறோம். 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் தடுக்கப்பட்ட உறவுகளின் பட்டியலைப் போட்டுவிட்டு, வழக்கம் இருந்தால் விலக்கு என்றும் சேர்த்தது; அக்காள் மகளைக் கட்டும் வழக்கம் அதனால்தான் சட்டத்துக்குள் நிற்கிறது. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நான்கில் ஒரு பெண்ணுக்கும் மேல் சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்கள். இதற்குப் பின்னால் பாசம் இருக்கிறது, நிலமும் இருக்கிறது. பெண்ணோடு போகும் நகை வெளியே போகாது, காணி துண்டுபடாது. இதன் நல்ல பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். டிம் டைசன், மிக் மூர் இருவரும் 1983ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், வடக்கே முன்பின் தெரியாத தூரத்து ஊருக்குப் போகும் மருமகளைவிட, தெற்கே மாமன் வீட்டுக்குப் போகும் பெண்ணுக்குக் கொஞ்சம் கூடுதல் குரல் இருந்தது என்று வாதிட்டார்கள். அதில் நியாயம் இருக்கிறது. தாய்வீடு கூப்பிடு தூரத்தில் இருப்பது ஒரு பெண்ணுக்கு எவ்வளவு பெரிய பலம் என்று யாருக்கும் சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் குரல் வேலிக்குள் ஒலிக்கிற குரல். வேலியைத் தாண்டி ஒருவரைக் கை காட்டும்போது அதே மாமனும் அதே அண்ணனும் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் உண்மை தெரியும்.

2011–12ல் நடந்த இந்திய மனிதவள மேம்பாட்டு ஆய்வு, நாடு முழுவதும் நூற்றுக்குச் சுமார் ஐந்து கல்யாணங்களே சாதி தாண்டியவை என்று கண்டது. நூறாண்டு சாதி எதிர்ப்புப் பேச்சு பேசிய தமிழ்நாடு இதில் தலைநிமிர்ந்து நிற்கவில்லை. 2015 ஜூனில் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலில் வேறு சாதியைச் சேர்ந்த கல்லூரித் தோழியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்த கோகுல்ராஜ் கடத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். அவர்கள் கல்யாணம் செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பேசினார்கள். மதுரைச் சிறப்பு நீதிமன்றம் 2022ல் முதன்மைக் குற்றவாளி யுவராஜ் உள்ளிட்டவர்களுக்கு ஆயுள் தண்டனை கொடுத்தது, உயர் நீதிமன்றம் 2023ல் யுவராஜின் தண்டனையை உறுதி செய்தது. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டை பஸ் நிலையத்தருகே பட்டப்பகலில், சாதி தாண்டிக் கல்யாணம் செய்த சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். இந்த வழக்குகளை வெறும் கல்யாணத் தகராறாகப் பார்க்கிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். இரண்டு உடம்புகளுக்கு நடுவில் எவ்வளவு தூரம் இருக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை அந்த இரண்டு பேருக்கு இல்லை, தங்களுக்கே உண்டு என்று சிலர் நம்பினார்கள். பிரைவசி இல்லாமையின் கடைசி எல்லை அது. விசேஷம் உண்டா என்று கேட்பது அதன் மிக மென்மையான, அன்பான முனை. இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. ஆனால் உன் உடம்பைப் பற்றிக் கேட்க எனக்கு உரிமை உண்டு என்ற அடிமண் இரண்டுக்கும் பொது.

அழகு இதில் எங்கே வருகிறது? அழகு ரசனை சார்ந்தது, ரசனை அவரவர் மனம் சார்ந்தது என்று நாம் நம்ப விரும்புகிறோம். வரன் பார்க்கும் விளம்பரத்தைப் படித்தால் அந்த நம்பிக்கை நிற்காது. சாதி, உட்பிரிவு, நட்சத்திரம், சம்பளம், நிறம் என்று ஒரே வரியில் அடுக்கியிருப்பார்கள். பொண்ணு நல்ல கலர் என்பது பவுனைக் குறைக்கும் வாக்கியம். கலர் கொஞ்சம் கம்மி என்பது பவுனை ஏற்றும் வாக்கியம். வரதட்சிணைத் தடைச் சட்டம் 1961லேயே வந்துவிட்டது, இந்தப் பேரம் மட்டும் நின்றபாடில்லை. இந்த நிற ஆசை நம் ரத்தத்திலேயே ஊறியது என்பவர்கள் சங்கக் கவிதையின் பக்கம் கொஞ்சம் போக வேண்டும். அங்கே தலைவியின் அழகு மாமை; மாந்தளிரின் நிறம். தலைவன் பிரிந்தால் அந்த மாமையைத் தின்றுகொண்டு உடம்பில் படர்வது பசலை, வெளிறல். வெளிறிப்போவதை நோயாகவும் அழகின் இழப்பாகவும் பாடிய மொழி இது. கருநிறத்தை மாயோன் மேல் ஏற்றிக் கும்பிட்ட நாடு இது. 1975ல் ஃபேர் அண்ட் லவ்லி கிரீம் சந்தைக்கு வந்தபோது அது புதிதாக ஓர் ஆசையை உண்டாக்கியது என்று சொல்லமாட்டேன். சாதியோடும் வெயிலில் உழைக்காத வர்க்கத்தோடும் ஏற்கெனவே ஒட்டிக்கொண்டிருந்த ஓர் ஏக்கத்துக்கு ட்யூபில் அடைத்து விலை போட்டது. 2020ல் அதைத் தயாரிக்கும் நிறுவனம் பெயரிலிருந்து ஃபேர் என்ற சொல்லை எடுத்தது. அதே ஆண்டு ஷாதி டாட் காம் நிறத்தை வைத்து வரன் தேடும் வசதியை நீக்கியது. அதை நீக்கக் கேட்டவர்கள் வெளிநாட்டில் வாழும் தெற்காசியப் பெண்கள். ஒரு விளம்பரப் பெயர் மாறியதால் ஆசை போய்விடாது. ஆனால் மனித இயல்பு என்று சொல்லப்பட்ட ஒன்றை மனிதர்கள் கேட்டு மாற்ற முடிந்தது.

காதுகளையும் பாருங்கள். மதுரை, நெல்லைப் பக்கங்களில் சென்ற நூற்றாண்டின் தொடக்கம் வரை, பெண் குழந்தையின் காது மடலைத் துளைத்து, எடை ஏற்றி ஏற்றித் தோள்வரை தொங்க விட்டுப் பாம்படம் போடுவது அழகு. காது வளராத பெண்ணுக்கு வரன் கிடைப்பது கஷ்டம். இரண்டே தலைமுறையில் அந்த வளர்ந்த காது கூச்சமாகி, பேத்திகளின் காதில் சின்னக் கம்மல் ஏறியது. பாட்டிகள் சிலர் மடலை வெட்டித் தைத்துக்கொண்டார்கள். தெற்கே திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேலாடை போட்டதற்கு அடி வாங்கி, பல ஆண்டுப் போராட்டத்துக்குப் பிறகு 1859ல்தான் அந்த உரிமை அரச அறிவிப்பானது. மார்பை மறைப்பது மானம் என்று பிற்காலத்தில் பெண்களுக்குப் பாடம் எடுத்த அதே ஆதிக்கம், அதற்கு முன்பு மறைப்பதைத் திமிர் என்று தண்டித்திருக்கிறது. இரண்டு நேரத்திலும் அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை.

அறிவியல் படித்தவர்கள் இங்கே ஒரு மறுப்பு சொல்வார்கள். நோயற்ற தோல், இருபுறமும் ஒத்த முகம், இளமை ஆகியவை எல்லா நாட்டிலும் விரும்பப்படுகின்றன, ஆகவே அழகு உடலியலில் வேரூன்றியது என்பார்கள். இருக்கட்டும். அந்தச் சிறு பொதுப்பகுதி எதையும் தீர்மானிப்பதில்லை. பாம்படக் காதையும் பசலை வெறுப்பையும் ஃபேர்னஸ் கிரீமையும் ஒரே உடலியல் உண்டாக்கியது என்றால், அந்த உடலியல் எதையுமே விளக்கவில்லை என்றுதான் பொருள்.

காஞ்சிப் பட்டை விட்டுவிட்டு இந்தப் பேச்சு முடியாது. கரையும் உடலும் தனித்தனி நிறத்தில் கோர்வை போட்டு, இருவர் சேர்ந்து நெய்யும் முகூர்த்தப் புடவை, கல்யாணமும் அழகும் ஒன்றாய் மடிக்கப்படும் துணி. காஞ்சியைச் சுற்றியுள்ள நெசவாளர் வீடுகளில் முன்கூடத்தைக் குழித்தறி எடுத்துக்கொள்கிறது. குடும்பம் மிச்ச இடத்தில் படுக்கிறது. ஒருவர் தனியாக அழவோ படிக்கவோ நான்கு சுவருக்குள் இடம் இல்லாத வீட்டில், வேறொரு வீட்டின் மணமகளுக்கான அழகு தயாராகிறது. மகளைப் பட்டுக் கட்டி அனுப்ப நூல் திருடும் நெசவாளியின் கதையைச் சொன்ன பிரியதர்ஷனின் ‘காஞ்சிவரம்’ தேசிய விருது பெற்றது அதன் சோகத்துக்காக மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். தனக்கென ஓர் அறை வேண்டும் என்ற ஆசையைவிட, மகள் உடம்பில் பட்டு வேண்டும் என்ற ஆசை அவன் மனதில் எப்படி முந்தியது என்பதை அந்தப் படம் யோசிக்க வைக்கிறது. இடம் இல்லாதவர்களுக்குப் பிரைவசி ஒரு பண்பாட்டுப் பிரச்சினையாவதற்கு முன்பு சதுர அடிப் பிரச்சினை. வெளிநாட்டிலிருந்து திரும்பியவர் இதையும் சேர்த்துப் பார்த்தால் நல்லது.

இனிப் பெரிய மறுப்புக்கு வருகிறேன். தனி ஆளே எல்லாம் என்று போன நாடுகளில் முதியவர்கள் யாரும் தேடாமல் சாகிறார்கள், கல்யாணங்கள் முறிகின்றன, தனிமை ஒரு நோயாகிவிட்டது. நம் நெருக்கம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது என்கிறார்கள். இந்த வாதத்தை நான் மதிக்கிறேன். ஆஸ்பத்திரியில் இரவு துணைக்கு உட்காரும் சித்தப்பாவும், வேலை போனால் அரிசி மூட்டை அனுப்பும் மாமாவும் நம்மிடம் உண்டு. ஆனால் அன்பும் அதிகாரமும் ஒரே கையிலிருந்து வரும்போது அன்பைக் காட்டி அதிகாரத்தை நியாயப்படுத்துவது நேர்மையாகாது. ஒருவர் தன் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமை பெற்றால் சித்தப்பா வராமல் போய்விடுவாரா? போவாரென்றால் அவர் இத்தனை நாள் வந்தது எதற்காக? பெற்றோர் பார்த்து வைத்த கல்யாணம் நன்றாக நடப்பதும் உண்டு, காதல் கல்யாணம் கசப்பதும் உண்டு. என் கேள்வி எது நீடிக்கும் என்பதைப் பற்றியதில்லை. வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் அந்தச் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறதா என்பதைப் பற்றியது.

இதெல்லாம் மாறும் என்பதற்குக் காஞ்சிபுரம் மாவட்டமே சாட்சி. காஞ்சிபுரத்தில் பிறந்த அண்ணா 1967ல் முதலமைச்சரானதும் சுயமரியாதைத் திருமணத்தைச் சட்டப்படி செல்லுபடியாக்கினார். 1950களில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன அந்தக் கல்யாணத்துக்குப் புரோகிதர் வேண்டாம், மாலையோ மோதிரமோ தாலியோ போதும் என்றானது. 1989ல் மகள்களுக்கும் பூர்வீகச் சொத்தில் சம பங்கு என்று தமிழ்நாடு சட்டம் செய்தது. அப்போதும் அதற்கு முன்பே கல்யாணமான மகள்களை விட்டுவிட்டது, ஏனென்றால் அவர்கள் வேறு வீட்டுக்காரிகள் என்ற கணக்கு. 2005ல் மத்தியச் சட்டம்தான் அந்த வேறுபாட்டை நீக்கியது. ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்கு உதவ 1989ல் தொடங்கிய மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம், 2022ல் மாதம் ஆயிரம் ரூபாய் கல்லூரிப் படிப்புக்குத் தரும் புதுமைப்பெண் திட்டமானது. தாலிக்குத் தங்கம் தந்த அரசு புத்தகத்துக்குப் பணம் தருகிறது. இந்த ஒரு மாற்றத்தை நான் பெரிதாக மதிக்கிறேன். மறுபக்கம், 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட புலனாய்வு, ஸ்ரீபெரும்புதூர் ஐபோன் ஆலையில் கல்யாணமான பெண்களை வேலைக்கு எடுக்காமல் தவிர்த்தார்கள் என்றது. பாகுபாடு காட்டவில்லை என்று ஆலையை நடத்தும் ஃபாக்ஸ்கான் மறுத்தது, மத்திய அரசு அறிக்கை கேட்டது. தாலி இருந்தால் வேலை இல்லை, தாலி இல்லாவிட்டால் ஊரில் பேச்சு என்றால் அந்தப் பெண் எங்கேதான் நிற்பாள்?

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று அந்தரங்க உரிமை அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். 2018ல் அதே நீதிமன்றம், வயது வந்த இருவர் கல்யாணம் செய்துகொள்வதில் எந்தக் கூட்டமும் தலையிடக்கூடாது என்றது. தீர்ப்பு ஊருக்குள் வந்து சேர்வது நம் வீட்டுக் கூடத்தில்தான் தொடங்க வேண்டும். மகளுக்கோ மகனுக்கோ வரன் பார்க்க ஜாதகமும் பயோடேட்டாவும் எழுத உட்கார்ந்திருக்கும் பெற்றோர் இதைப் படித்தால் இரண்டு காரியம் கேட்டுக்கொள்கிறேன். நிறம் என்று ஒரு வரி இருந்தால் அதை அடித்துவிடுங்கள். தாளை வெளியே அனுப்பும் முன்பு, யாருடைய வாழ்க்கையோ அவரைக் கூப்பிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மற்றவர் யாரும் இல்லாமல், உனக்குச் சம்மதமா என்று கேளுங்கள். இல்லை என்று சொன்னால் அந்தத் தாளை அனுப்பாதீர்கள்.